மலைக் கல்லும் கரை மண்ணும்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

குமரி மாவட்டக் கடற்கரையில் இனயம் பக்கத்தில், ஒரு தேவாலயப் பங்குக் கூடத்தில் கூட்டம். கருமணல் எடுப்பதை எதிர்க்கும் கரையோர ஊர்க்காரர்கள் கூட்டியது. எங்கள் குவாரி எதிர்ப்புக் குழுவிலிருந்து நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். திருவட்டார் பக்கத்திலிருந்து பஸ் மாறிப் போனால் கடல் வந்துவிடும். ஆனாலும் கல்யாணம், துஷ்டி என்றுகூட இந்த ஊர்களுக்கு நாங்கள் வந்ததில்லை. மலையோரத்தாரும் கடற்கரையாரும் இங்கே அப்படித்தான் பழகிவிட்டோம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரம் பெரியவர்கள் மனதில் இன்னும் கிடக்கிறது.

எல்லோரும் பேசியது, இந்த மாதம் 8-ஆம் தேதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட குறிப்பாணையைப் பற்றி. அணுக் கனிமம் எடுக்கும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாமாம். கருமணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. ஆக, இந்தக் கரையும் அதற்குள் வந்துவிடும். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு, போன வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி பத்மநாபபுரத்தில் கருத்துக்கேட்பு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். அன்றைக்குப் பேச ஊர் ஊராகத் தயாராகி இருந்தவர்கள்தான் இன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், என்னென்ன ஆட்சேபம் வந்தது என்று முடிவில் உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் கிடையாது. மீன் விற்கிற ஒரு அக்கா தனியாக எழுந்து பேசினாலும் அது பதிவாக வேண்டும். அவ்வளவு எளிய ஒரு உரிமையை ஒரே தாளில் எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை.

கூட்டம் முடிந்து கரைக்குப் போனோம். ஒரு பாட்டி சிரட்டையில் மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். வெளுத்த மணல் தண்ணீரோடு வழிந்து போக, அடியில் கறுப்பாக ஒரு பிடி தங்கியது. உள்ளங்கையில் வாங்கினால் அளவுக்கு மீறிய கனம். "இதுக்குத்தான் மக்களே எல்லாரும் வாறானுவ" என்றார். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், மணவாளக்குறிச்சியிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். நூறு வருடத்துக்கு மேலாக வெளியார் கண் இந்த மண் மேல் இருக்கிறது. மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் தண்ணீர் தித்திப்பாக இருந்தது. மேட்டை எடுத்துவிட்டால் கடலுக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே எது இருக்கும்?

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றும் கரைக்கூட்டம். குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியதைச் சொல்லிக் கொஞ்சம் தெம்பாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் வந்த வேகத்தில் சண்டை. சண்டை என்றே எழுதுகிறேன், மறைக்க வேண்டியதில்லை.

ஆனி, ஆடியில் கடல் ஏறி வீடுகளின் பின்சுவர் இடிந்து கிடக்கிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போடும் தூண்டில் வளைவு வேண்டும் என்பது இவர்களின் பல வருடக் கோரிக்கை. அதற்குக் கல் எங்கிருந்து வரும்? எங்கள் மலையிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் எழுந்து, "உங்களுக்கு வளைவு போட எங்க மலைய உடைக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். கூடம் கொதித்துப் போனது. "வீட்டுக்குள்ள கடல் வந்தா நீங்க என்ன செய்விய?" என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. யாரையும் அடக்கி உட்கார வைக்காமல் பேச விட்டது ஊர்க் கமிட்டியின் பெருந்தன்மை.

அப்புறம் வயதான மீனவர் ஒருவர் பேசினார். ஒரு ஊரில் வளைவு போட்டால் மண் அந்தப் பக்கம் சேர்ந்துவிடும், அடுத்த ஊரில் கடல் ஏறும், பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கும், இப்படியே போனால் கரை முழுக்கக் கல்லாகிவிடும், மண்ணை மண்ணாக விட்டிருந்தால் இவ்வளவு கல் தேவைப்பட்டிருக்காது என்றார். கரையில் நின்று கரமடி வலை இழுத்த காலத்தில் வலை காய வைக்க எவ்வளவு அகலக் கரை இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். மலைக்காக நாங்கள் சொல்லும் வாதத்தைவிட அவர் சொன்னது பலமானது.

கூடவே ஒரு கணக்கும் எழுந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ராத்திரியும் பகலும் டாரஸ் லாரிகள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கே தமிழ்நாட்டுக் கல் போயிருக்கிறது. உடைக்கிற கல்லில் எவ்வளவு நம் கரைக்கு, எவ்வளவு வெளியே? இதைக் கேட்பது என்று முடிவானது. சண்டை தீரவில்லை. கேள்வி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகிவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

குவாரியிலிருந்து வீடுகளுக்கு உள்ள தூரத்தை அளந்தோம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் கூடாது. கொத்தனார் ஒருவரின் 50 மீட்டர் டேப், மூன்று காலேஜ் பிள்ளைகள், ஒரு நோட்டு. ரப்பர் தோட்டத்துக்குள் நேர்கோடு பிடிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு மரத்துக்கும் டேப் வளைகிறது. ஒரு பையன் மொபைலில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் எடத்தோட்டு" (இடது பக்கமாக) என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

விளிம்புக்கு மிக அருகில் இருக்கும் வீட்டின் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் விரிசல். அதன் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார் அந்த வீட்டுச் சித்தி. விரிசல் நீளும்போதெல்லாம் புதுக் கோடு. யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை. எந்த நிபுணர் அறிக்கையிலும் இதைவிட நேர்மையான பதிவு இருக்கப் போவதில்லை. எல்லாக் கோடுகளையும் ஸ்கேலை அருகில் வைத்துப் போட்டோ எடுத்தோம்.

அக்டோபர் 11, சனி

காந்தி ஜெயந்திக்கு நடக்க வேண்டிய கிராம சபை இன்று நடந்தது. ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. எல்லாம் இப்போது தனி அலுவலர் கையில். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வர வேண்டும். ரப்பர் பால் வெட்டு முடித்து நேராக வந்தவர்களும் நூறு நாள் வேலைப் பெண்களுமாக மண்டபம் நிறைந்தது. ஜெராக்ஸ் கடையில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த தீர்மானத்தை ஒரு மாமா கணீரென்று வாசித்தார். 300 மீட்டர் விதியை அளந்து காட்ட வேண்டும், வெடி நேரத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மூன்றாவதாக, கரையில் கருத்துக்கேட்பு இல்லாமல் மணல் எடுக்கக் கூடாது. "நமக்கும் அதுக்கும் என்ன?" என்று ஒருவர் கேட்டார். "அங்க இன்னைக்கு நிறுத்தினத நாளைக்கு இங்க நிறுத்துவான்" என்று சித்தி பதில் சொன்னார். மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறின. எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கும் வரை நாங்கள் எழுந்து போகவில்லை. புதிதாகக் குழுவில் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கைதட்டலோடு கலைந்துவிடாதீர்கள், புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கரையோரம் பல ஊர்கள் பேரூராட்சிக்குள் இருப்பதால் அங்கே கிராம சபை கிடையாது. அவர்களுக்காகவும் நம் ஊராட்சிகளில் தீர்மானம் போட வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டு தகவல் உரிமை மனுக்கள். 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். கனிம வளத்துறைக்கு: இந்த மாவட்டத்தில் நடப்பில் உள்ள குவாரிக் குத்தகைகள், லாரிகளுக்குக் கொடுத்த நடைச்சீட்டுகள் (கல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டுகள்), கல் போன இடம். கடலரிப்புத் தடுப்புப் பிரிவுக்கு: தூண்டில் வளைவுகளுக்குக் கல் எந்தக் குவாரியிலிருந்து எவ்வளவு வாங்கப்பட்டது. முதல் மனுவில் எங்கள் ஊர் அண்ணன் கையெழுத்து. இரண்டாவதில், அன்றைக்கு அவரோடு மல்லுக்கு நின்ற அக்கா. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தேதியைக் கடை நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

அடுத்த கூட்டம் எங்கள் ஊரில். கரையிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள், குவாரியை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சர்வே எண் பார்த்துப் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாசிக்கத் தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவை. ஓய்வுபெற்ற சர்வேயர், கிராம நிர்வாக அலுவலர் யாராவது கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் இருந்தால் வாருங்கள். டேப்பும் நோட்டும் எங்களிடம் இருக்கின்றன.