புழுக்கைக் கணக்கு

ஜூலை 4, வெள்ளி

தட்டில் மறுபடி சிவப்பு. பீட்ரூட் கீரை கொடுத்து நாலு நாள் ஆகிறது. தின்பதைப் பொறுத்து முயலுக்குச் சிறுநீர் சிவக்கும், போன வருடம் அதற்கே பயந்து ஓடியிருக்கிறேன். ஆனால் இது கட்டி கட்டியாக இருக்கிறது. துணியில் ஒற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 5, சனி

ஸ்கேனில் கருப்பை வீங்கியிருக்கிறது. "கருத்தடை பண்ணாத பொண்ணு முயலுக்கு நாலு வயசுக்கு மேல இது அடிக்கடி வர்றதுதாம்மா. புத்துக்கட்டியா இருக்கலாம், எடுத்துடறது நல்லது" என்றார் டாக்டர். மல்லிக்கு ஐந்து. நகம் வெட்ட எத்தனை இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஒருத்தராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ரிசப்ஷனில் தாள் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை 2,200. எக்ஸ்ரே 1,600. ஈசிஜி 800. ரத்தம் உறையும் பரிசோதனை 1,900. ஆபரேஷன், மயக்கம் 9,000. இரண்டு நாள் தங்க 3,000. மொத்தம் 18,500.

புழுக்கை நிறைய. எண்ணவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்றிலிருந்து எண்ணுகிறேன். காலைக்குள் 140க்கு மேல். உருண்டையாக, காய்ந்து, நார் நாராக. நல்லதுதான்.

தாளை நாலு தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். பணம் பெரிய பணம்தான், சீட்டுப் பணத்தை எடுத்தால் சமாளிக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. இதெல்லாம் எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. அப்பாவுக்கு நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஒன்று வந்தது, படிக்காமல் போட்டேன். கேட்டால் காசு பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். என்ன பரிசோதனை, அதில் என்ன தெரிந்தது, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும்.

மல்லி காலடியில் படுத்துப் பல்லை மெல்ல அரைக்கிறாள். சந்தோஷத்திலும் அரைப்பாள், வலியிலும் அரைப்பாள். வலியென்றால் சத்தம் பலமாகக் கேட்கும். குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

தேதி கேட்கப் போன் செய்தேன். "முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க, தண்ணிகூட." நாய்க்கும் பூனைக்கும் சரி, மயக்கத்தில் வாந்தி எடுத்துப் புரையேறும். முயலால் வாந்தியே எடுக்க முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றுபோனால் அதுவே உயிருக்கு ஆபத்து. "மேடம், எல்லாருக்கும் இதான் சொல்லுவோம்" என்றாள் அந்தப் பெண். கை நடுங்கியது. நான் இதைப் படிக்காமல் இருந்திருந்தால்?

112.

ஜூலை 9, புதன்

கேட்டுவிட்டேன்.

நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இதுல ரிசல்ட் மோசமா வந்தா நீங்க செய்யப்போறது மாறுமா டாக்டர்?" கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எக்ஸ்ரே மாற்றும். இந்தக் கட்டி நுரையீரலுக்குப் பரவும், பரவியிருந்தால் வயிற்றைத் திறக்கவே மாட்டாராம். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: இத்தனை நாள் ரத்தம் போனதில் சோகை இருக்கிறதா, சிறுநீரகமும் ஈரலும் மருந்தைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். ஈசிஜி? ஸ்டெத்தை வைத்து நிதானமாகக் கேட்டார். "துடிப்பு சுத்தமா இருக்கு, வேண்டாம்." உறையும் பரிசோதனையை அவரே அடித்தார். இரண்டு நாள் ஒரு நாளானது, வீட்டில்தான் சீக்கிரம் சாப்பிடுவாள் என்று. 14,300. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவது தனி.

பட்டினி போடக் கூடாது, காலைவரை புல் தின்னட்டும் என்று தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மயக்கத்தைப் பற்றியும் கேட்டேன். இங்கிலாந்தில் 2008இல் வந்த ஆய்வில் மயக்கம் கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்திருக்கின்றன. நாய்களில் 0.17தான். படித்ததைச் சொன்னதும் "ஆமாம்மா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். மழுப்பாமல் ஒத்துக்கொண்டதே எனக்குத் தைரியமாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

நுரையீரல் சுத்தம். காது நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை மட்டும் கூடுதல், பயத்தில் ஏறியிருக்குமாம். 96.

அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்து இரண்டு கட்டு அருகம்புல் வாங்கி வந்து வைத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

காலை 8. தின்கிறாள். தின்கிறாள்.

10.30. கொடுத்துவிட்டேன். கூண்டுக்குள் என் பழைய துப்பட்டாவும் மிச்சப் புல்லும்.

1.20. முழித்துவிட்டாளாம்.

ஜூலை 12, சனி

மதியம் வீட்டுக்கு வந்தாள். ஓரத்தில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலி மருந்து கொடுத்தாயிற்று. தூள் தீவனத்தைக் கரைத்துச் சிரிஞ்சில் வைத்தால் பாதி முகவாயில் வழிகிறது.

சாயங்காலம் 6. பூஜ்யம்.

9.15. பூஜ்யம். பல் அரைக்கும் சத்தம். பலமா, மெல்லவா, என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "மெல்லத்தான்டீ இருக்கு" என்கிறாள்.

11.50. துப்பட்டாவுக்கு அடியில் இரண்டு. மிளகு அளவுதான்.

2.40. ஏழு.