முதல் முப்பது காளான் பெட்

2022-ல் நூல் விலை கண்டபடி ஏறிய நேரம், திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆர்டர் சுருங்கி ஆளைக் குறைத்தார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் செக்கிங் செக்சனில் சூப்பர்வைசராக என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்காதீர்கள். திருப்பூரில் அப்படித்தான். துணிமணியைச் சுருட்டிக்கொண்டு கோபிக்குப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்து சேர்ந்தேன்.

வேலையில்லாதவனுக்கு ஊரில் யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. மாமா பத்து வெள்ளாடு பிடிக்கச் சொன்னார். பெரியப்பா கறிக்கோழிப் பண்ணை போடச் சொன்னார். செட் போடவே லட்சக்கணக்கில் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். வந்த ஒறம்பரை எல்லாம் ஆளுக்கொரு தொழிலைச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மிச்சிதான், "கண்ணு, கைல இருக்கறதுக்குள்ள எதாச்சும் பண்ணு. கடனை வாங்கிப் போட்டு வெசனப்படாத" என்றது. கையில் இருந்தது, இரண்டு மாதம் காத்திருந்து எடுத்த பி.எஃப். பணம் 23,000 ரூபாய்.

காளானைத் தேடி நான் போகவில்லை. ஈரோட்டில் கனரா வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பத்து நாள் பயிற்சி, சாப்பாடு உட்பட இலவசம் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த மாதம் நடந்தது காளான் வளர்ப்பு. ஆடு வளர்ப்பு நடந்திருந்தால் இன்றைக்கு ஆட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு லோனுக்குச் சர்டிபிகேட் வேண்டும், அவ்வளவுதான். மறைப்பானேன், எனக்கும் அதுதான்.

அந்தச் சர்டிபிகேட்டோடு எங்கள் பக்கத்து பேங்க் ஒன்றுக்குப் போனேன். முத்ரா திட்டத்தில் சிசு வகை, 50,000 ரூபாய் வரை, அடமானம் கிடையாது. ஆதார், பான், கொட்டேசன் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். மேனேஜர் எதையும் புரட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, போன் வாங்குன இ.எம்.ஐ. ரெண்டு மாசம் கட்டாம விட்டிருக்கீங்க" என்றார். வேலை போன சமயத்தில் விட்டது. சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுகிற மதிப்பெண், அடிபட்டிருந்தது. வருசத்துக்கு ஒரு தடவை அந்த ரிப்போர்ட்டை நாமே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு தடவை பஸ் ஏறியிருக்க மாட்டேன். கோபத்தில் பி.எஃப். பணத்திலேயே ஆரம்பித்தேன்.

மாடு விற்றுக் காலியாகக் கிடந்த கொட்டகைதான் காளான் குடில். மேலே பழைய தென்னங்கீற்று, சுற்றிலும் சாக்குப் படுதா, தரையில் ஆற்று மணல். வைக்கோலுக்கு எங்கள் பக்கம் கவலையில்லை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுப்பு முடிந்தால் வயலெல்லாம் கட்டுக் கட்டாகக் கிடக்கும். வைக்கோலை வேகவைக்க அப்பாரு காலத்தில் மஞ்சள் வேகவைத்த கொப்பரை இருந்தது. கீற்றை மாற்றியது, சாக்கு, கயிறு, கைத்தெளிப்பான், பாலித்தீன் பை, வித்து எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

ஒரே நாளில் முப்பது பெட் போட்டேன். விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு சுற்று வித்து என்று நிரப்ப வேண்டும். வேலை இவ்வளவுதான். சூட்சுமம் அந்த உலர்த்துவதில் இருக்கிறது. "கையில் எடுத்துப் பிழிஞ்சா சொட்டுத் தண்ணி விழக் கூடாது, உள்ளங்கையில ஈரம் மட்டும் ஒட்டணும்" என்று பயிற்சியில் பத்துத் தடவை சொன்னார்கள். எனக்கு அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முப்பதையும் கட்டித் தொங்கவிட வேண்டும் என்கிற வெறி. பிழிந்தால் சொட்டியது. பரவாயில்லை என்று போட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் ஒரு பெட்டில் பச்சையாகத் திட்டு. சரியாகிவிடும் என்று விட்டேன். அதுதான் இரண்டாவது தப்பு. பச்சைப் பூஞ்சை பிடித்ததை அன்றைக்கே வெளியில் கொண்டுபோய்க் குழியில் புதைத்துவிட வேண்டும். குடிலுக்குள் விட்டால் மற்றதிலும் தொற்றும். பதினொரு பெட் போனது. மிச்சம் பத்தொன்பது, பதினெட்டாம் நாள் வாக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்து நின்றது. அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரலியா?" என்று கேட்கும், பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி.

பையைக் கீறிவிட்ட நாலாம் நாள் மொட்டு, அடுத்த மூன்று நாளில் அறுவடை. ஆறு கிலோ, எல்லாம் ஒரே மூச்சில். இதை எதிர்பார்த்துத்தானே இத்தனையும் என்கிறீர்களா? விற்க இடமில்லை! காய்கறிக் கடையில், "வெச்சுட்டுப் போங்க, வித்தாக் காசு" என்றார்கள். மறுநாள் போனால் பாதி வாடித் தண்ணீர் விட்டிருந்தது. நான் போட்டது சிப்பிக் காளான். அது மறுநாள் வரைக்கும் தாங்கினாலே பெரிது. நம்மூர் ரோட்டுக்கடைக் காளானை நம்பி ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் போனேன். சிரித்துவிட்டு, "எங்களுக்கு முட்டைக்கோசே போதுங்க தம்பி" என்றார். மிஞ்சியதை நாங்களே குழம்பு, வறுவல், பிரியாணி என்று ஒரு வாரம் தின்றோம். இன்றைக்கும் அப்பா காளானைக் கண்டால் தட்டை நகர்த்திவிடுவார்.

அம்மாதான் வழியைக் கண்டுபிடித்தது. "சொசைட்டிக்குத் தினமும் பால் ஊத்துனோம். ஒரு நாளைக்கு நாப்பது லிட்டர் ஊத்திட்டு ஒம்பது நாள் சும்மாவா இருந்தோம்?" என்றது. அதிலிருந்து மூன்று நாளைக்குப் பத்து பெட். ஒரு தொகுதி முளைக்கும்போது இன்னொன்று படர்ந்துகொண்டிருக்கும். ஒரு பெட் மூன்று தடவை காய்க்கும். எங்களுக்கு மொத்தம் 700 கிராம் சுமாராகக் கிடைக்கிறது. தினம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதை விற்கக் கடை தேவைப்படவில்லை. இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்கள், ஒரு மெஸ், வாட்சப்பில் முப்பது வீடு. காலையில் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் ஒரு சுற்று, 200 கிராம் பாக்கெட் 40 ரூபாய். புரட்டாசியில் கேட்டவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை. அப்புறம் ஒரு சூப்பர் மார்க்கெட் கேட்டது. அதற்காக உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன். கட்டணம் வருசத்துக்கு 100 ரூபாய். பிரவுசிங் சென்டரில் 600 பிடுங்கிக்கொண்டார்கள்.

சித்திரையில் மறுபடி அடி. சிப்பிக்கு 25-லிருந்து 28 டிகிரி வேண்டும். எங்கள் குடிலுக்குள் 36. சாக்கை நனைத்து நனைத்து அம்மாவுக்குக் கை மரத்துப்போனதுதான் மிச்சம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்டதில் பால் காளானைச் சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் கண்டெடுத்த ஏ.பி.கே.2 ரகம், 30-லிருந்து 35 டிகிரி வெயிலில்தான் அதற்குச் சுகம். பெட்டைப் பாதியாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்பி, நீலப் பாலித்தீன் கூடாரத்துக்குள் வைக்க வேண்டும். வேலை கூடுதல், நாளும் கூடுதல். ஆனால் பறித்தால் நாலைந்து நாள் வாடாது. இப்போது பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எங்களுக்குப் பால் காளான்தான்.

கணக்கு கேட்பீர்கள். மூன்று நாளைக்குப் பத்து பெட் என்று இருந்தபோது செலவு போக மாதம் 8,000 நின்றது. திருப்பூர்ச் சம்பளத்தில் பாதி. இன்னொரு கொட்டகை சேர்த்து இருபது பெட்டாக்கிய பிறகு 13,000, நல்ல மாதத்தில் 14,000. இதில் அம்மாவின் உழைப்புக்குக் கூலி போடவில்லை. போட்டால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும், அதனால் போடுவதில்லை. காய்த்து முடிந்த வைக்கோல் வாழைக்கு எருவாகிறது. இ.எம்.ஐ. பாக்கியை முடித்து ஒரு வருசம் கழித்து அதே பேங்கில் 50,000 கிடைத்தது. இரண்டாவது கொட்டகை அதில் போட்டதுதான்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். பி.காம். முடித்தவன். எடுத்த எடுப்பில் இருநூறு பெட் போட எவ்வளவு லோன் கிடைக்கும் என்றான். ஒரு பாட்டில் வித்தைக் கொடுத்து, இரண்டே பெட் போட்டு, வருவதை வீட்டுக்கு வெளியே யாருக்காவது விற்றுவிட்டு வா என்று அனுப்பினேன். பத்தாம் நாள் போன் வந்தது.

"அண்ணா, ரெண்டுமே பச்சை புடிச்சுருச்சுங்க."

"பிழிஞ்சு பாத்தியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.