ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தனியாக

காலை ஆறரைக்கு ஆரம்பிப்பேன். பல் தேய்ச்சியா, மாத்திரை போட்டியா, பெல்ட் எங்கே, ரெக்கார்ட் நோட்டை எடுத்து வெச்சியா. ஏழே முக்காலுக்குள் மகனை இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். எட்டு வயதில் அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் ஒரே இடத்தில் நிற்காத மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்று தெரிந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை இப்படித்தான் போனது.

அவன் பத்தாவது சேர்ந்த ஜூன் மாதம் எனக்கு டைபாய்டு. பத்து நாள் படுக்கை. அதில் ஆறு நாள் அவன் மாத்திரையே போடவில்லை என்பது அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவனைக் கோபிக்க மனம் வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ஒரு நாளாவது அவனிடம் விட்டிருந்தால்தானே?

அவனைப் பார்க்கும் டாக்டரிடம் அழுதுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியும்மா. தெரிஞ்சதை அந்தந்த நேரத்துல செய்யறதுதான் கஷ்டம்." 2007-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். மூளையின் மேலடுக்கு முழுத் தடிமனை எட்டுவது இந்தப் பிள்ளைகளுக்குச் சராசரியாக மூன்று வருடம் தாமதமாகிறதாம். இதை வீட்டில் சொன்ன பிறகுதான், "பதினஞ்சு வயசுப் பையனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று என் மாமியார் கேட்பது நின்றது.

முதலில் என் வாய் செய்துகொண்டிருந்த வேலையைப் பொருள்களிடம் கொடுத்தோம். ஃப்ரிட்ஜில் நான் ஒட்டியிருந்த அட்டவணையை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. "அங்க ஒட்டினா என் கண்ணுல படாதும்மா" என்று வாசல் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளுக்கு நேர் மேலே, தன் கையெழுத்தில் ஐந்தே வரி எழுதி ஒட்டினான். கதவைத் திறக்காமல் யாரும் வெளியே போக முடியாதே! "கதவைப் பார்த்தியா?" என்பதைத் தவிர நான் எதுவும் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம். முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டுப் பையை இரண்டு நாள் மறந்துவிட்டுப் போனான். நான் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. மூன்றாம் நாள் பை தாழ்ப்பாளிலேயே தொங்கியது.

மாத்திரைப் பொறுப்பை மட்டும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவன் சாப்பிடுவது மெத்தில்பெனிடேட். விற்பனைக்கு அரசுக் கட்டுப்பாடு உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்கவும் இருக்காது. அதனால் அட்டைகள் என் பீரோவில். ஞாயிறு இரவு ஏழு அறை உள்ள டப்பாவில் அவனே எண்ணிப் போடுவான். புதன் அறை வியாழனன்றும் காலியாகாமல் இருந்தால் எனக்கு முன் அவன் கண்ணில் பட்டுவிடும்.

அப்புறம் பஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டியூஷன். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், இரண்டு நாள் பின் சீட்டில். ஐந்தாம் நாள் தனியாக அனுப்பினேன். ஐந்தரைக்கு போன். "அம்மா, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டேன். வேடிக்கை பார்த்துட்டே இருந்தேன், சத்திரம் போயிடுச்சு." குரல் நடுங்கியது. 'அங்கேயே நில்லு, அப்பாவை அனுப்பறேன்' என்று வாய்வரை வந்துவிட்டது. "சரிடா கண்ணா, இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டேன். பதிலே இல்லை. பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "திரும்பி ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர்ல ஏறி, கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சு இறங்கறேன்" என்றான். நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான்.

வழியை அன்று ராத்திரி அவனேதான் கண்டுபிடித்தான். "காவிரிப் பாலத்துல பஸ் ஏறினதும் எழுந்து நின்னுடறேன்மா. உட்கார்ந்திருந்தா மனசு எங்கயோ போயிடுது." அதன் பிறகு ஒரு நாளும் சத்திரத்தைத் தவறவிட்டதில்லை. இந்த யோசனை எனக்கு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. ஹால் டிக்கெட், மருந்து இருப்பு, கட்டணம் கட்டும் கடைசித் தேதி இவை இன்னும் என் பொறுப்பு. வண்டி கேட்டான், பதினெட்டுக்கு முன் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு சாப்பாட்டுப் பை போனால் ஒரு மதியம்தான் போகும். ஹால் டிக்கெட் போனால் ஒரு வருடமே போய்விடும்.

இப்போது பதினொன்றாவது படிக்கிறான். போன மாதம் டாக்டர் "எப்படி இருக்கு?" என்றதும் பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்திவிட்டு அவனைப் பார்த்தார். "மத்தியானம் பசிக்கவே மாட்டேங்குது சார், ராத்திரி எட்டு மணிக்குத்தான் நல்லா பசிக்குது. அந்த நேரத்துல நிறைய சாப்பிட்டுக்கறேன். கணக்கு பீரியட் கடைசின்னா கவனம் நிக்கல" என்றான். எனக்கே தெரியாத விஷயங்கள். டாக்டர் சீட்டை எழுதி அவனிடம் நீட்டினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வந்ததும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.