இரண்டு வைத்தியர்களின் கையொப்பம்

2019 மார்ச் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில் 'மெடிவாக்' சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மெல்பேர்ணில் குடும்ப வைத்தியராக இருக்கும் நானும் அறிக்கை எழுத முன்வந்தேன். அந்தச் சட்டப்படி, அவுஸ்திரேலியா அனுப்பிவைத்து பப்புவா நியூ கினியின் மனுஸ் தீவிலோ நவுறு என்ற தீவு நாட்டிலோ இருக்கும் புகலிடக் கோரிக்கையாளருக்குத் தேவையான சிகிச்சை அங்கே கிடைக்காது என்று இரண்டு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தால், அவரைச் சிகிச்சைக்காக அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவருவது பற்றி அமைச்சர் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவக் காரணம் போதாது என்று அவர் மறுத்தால், விடயம் சுயாதீன மருத்துவக் குழுவிடம் போகும். அந்தக் குழுவும் பரிந்துரைத்துவிட்டால், நாட்டின் பாதுகாப்பையோ பாரிய குற்றப் பின்னணியையோ காட்டித்தான் அமைச்சர் தடுக்க முடியும்.

இந்த இடத்துக்கு வந்து சேரவே வைத்தியர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014இல் மனுஸில் இருந்த ஈரானிய இளைஞர் ஹமீத் கசாயிக்குக் காலில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் பரவியது. பிரிஸ்பேனுக்குக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. 24 வயது. தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று 2018இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இடையில் 2015இல் வந்த எல்லைப் படைச் சட்டம், முகாமில் கண்டதை வெளியே சொல்லும் ஊழியருக்கு இரண்டு ஆண்டுச் சிறை என்றது. வைத்தியர்கள் வழக்குத் தொடுத்த பிறகே 2016இல் மருத்துவத் துறையினருக்கு விலக்குக் கிடைத்தது.

எனக்கு வந்த கோப்புகளில் ஒன்று மனுஸில் இருந்த ஈழத்தமிழர் ஒருவருடையது. சிறுநீரகக் கல். பக்கங்கள் எல்லாம் கைத்தொலைபேசியில் படமெடுத்தவை. சிலவற்றில் ஓரத்து எழுத்துகளே இல்லை. திகதி மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது. வலி, பாரசிட்டமால், நிறையத் தண்ணீர் குடிக்கவும். அடுத்த பக்கத்திலும் அதுவே. ஸ்கான் எடுக்கும்படி ஒரு வரி இருந்தது. எடுத்ததற்கான தாள் இல்லை.

"சிறுநீரில் இரத்தம் போகிறதா, தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"போகிறது அக்கா. சொன்னாலும் எழுதுகிறார்கள் இல்லை" என்றார். மாத்திரை அட்டையில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டினார். நடுவில் இணைப்பு அறுந்து, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.

எழுத உட்கார்ந்தால் கோபத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். 'மிகவும் துன்பப்படுகிறார்' என்று எழுதினால் அதைத் தட்டிக்கழிப்பது எளிது. எப்போதிலிருந்து இரத்தம் போகிறது, அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் என்னவாகும், எந்த நிபுணர் தேவை, அவர் அங்கே இருக்கிறாரா: இவற்றுக்கு ஆதாரத்தோடு பதில் எழுதினால் மறுப்பவரும் மருத்துவக் காரணம் சொல்லியே மறுக்க வேண்டிவரும். ஒரு நோயாளிக்கு என்ன சிகிச்சை வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும், அரசியல்வாதி அல்ல. எனக்கு அந்தச் சட்டத்தின் உயிரே அதுதான். இரண்டாவது வைத்தியர் கோப்பைத் தனியாகப் படித்துத் தன் முடிவை எழுதினார்.

நவுறுக் கோப்புகள் இன்னும் கடினம். அந்நாட்டு அரசு தொலைமருத்துவத்தையே தடைசெய்திருந்தது. ஆவணங்களை மட்டும் பார்த்தும் மதிப்பிடலாம் என்று 2019 ஜூனில் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் சொன்னது. குரலைக்கூடக் கேட்காமல் ஒருவருடைய மனச்சோர்வை அளப்பது எந்த வைத்தியருக்கும் உவப்பான வேலை அல்ல. ஆனால் அந்தத் தாள்களே போதுமான அளவுக்குப் பேசின.

தம்பிக்கு அனுமதி கிடைத்தது. மெல்பேர்ணுக்கு வந்தவரை ஹோட்டல் அறையில் காவலில் வைத்தார்கள். ஏறத்தாழ 190 பேர் வந்து சேர்ந்த நிலையில் 2019 டிசம்பரில் சட்டமே நீக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்கான திகதி தள்ளித் தள்ளிப் போனது. திறக்காத ஜன்னலும் தூக்கமின்மையும் நோயை எப்படிக் கூட்டுகின்றன என்று நான் தொடர்ந்து கடிதம் எழுதினேன். கல்லை அகற்றினார்கள். 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

2023 செப்டெம்பரில் நவுறுவுக்கு மீண்டும் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு கையொப்பங்களுக்கு இப்போது சட்ட வலு இல்லை. அதனால், கோப்பு வந்தால், நீதிமன்றத்தில் நிற்கும்படியாகச் சட்டத்தரணிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறோம்.