பொன்னாச்சியை அம்மாவுக்கு வாசித்த நாட்கள்

5 அக்டோபர் 2025, ஞாயிறு
பாளையங்கோட்டை

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் பிறந்து நூறு வருஷம் நிறைகிறது. 1925-இல் முசிறியில் பிறந்தவர். எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடி வாசிக்கிற வழக்கம் உண்டு. இந்த மாதம் முழுக்க அவரைத்தான் வாசிப்பது என்று நேற்று முடிவு செய்தோம். எந்த நாவல் என்பதில்தான் வாக்குவாதம். சாகித்ய அகாடமி விருது வாங்கிய ‘வேருக்கு நீர்’ இருக்கும்போது வேறு எதற்கு என்றார் ரிட்டயர்டு டீச்சர் அக்கா. நான் ‘கரிப்பு மணிகள்’தான் என்று பிடிவாதமாக நின்றேன். தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பற்றி 1979-இல் வந்த நாவல். அப்போது தூத்துக்குடி தனி மாவட்டமில்லை, எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் அம்மா. முள்ளக்காட்டுப் பக்கம் அளத்தில் உப்புச் சுமந்தவள். முழங்கால் விட்டுப் போனபின் என்னோடு வந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைக்கு முன்னால் ராத்திரிகளில் அவளுக்குத் தனியாக வாசித்துக் காட்டப் போகிறேன். இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தகுதி அதிகம்.

8 அக்டோபர், புதன்

நாவலின் நாயகி பொன்னாச்சி அளத்துக்கு வேலைக்கு வந்துவிட்டாள். அம்மா வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு போடாமலே கேட்டாள். நடுவில் நிறுத்தச் சொன்னாள்.

“ஏட்டி, இந்தம்மா எந்த அளத்துல கெடந்தா?”

“அளத்துல வேல பாக்கலம்மா. பிராமண வீட்டுல பொறந்தவங்க. பதினஞ்சு வயசுல கல்யாணம். வீட்டுக்காரர் கரண்டு எஞ்சினியர்.”

“பெறவு எப்படித் தெரிஞ்சுது?”

“வந்து பாத்துருக்காங்க. கேட்டுருக்காங்க.”

“யாருட்ட? கணக்கப்பிள்ளைட்டயா?”

“ஒன்ன மாதிரி பொம்பளையாள்ட்டதான்.”

“அப்பஞ் சரி. மேல படி.”

அம்மா கேட்ட கேள்வியை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் எழுத்து வாழ்க்கையே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கணவரின் வேலை நிமித்தம் நீலகிரியில் குந்தா மின்திட்டப் பகுதியில் இருந்தார். அங்கே படகர்களோடு பழகிப் பழகித்தான் ‘குறிஞ்சித்தேன்’ வந்தது. பிறகு எந்த நாவலுக்கும் அதே பழக்கம். நேரே போவார், வேலை நடக்கிற இடத்தில் நிற்பார், பெண்களிடம் பேசுவார், அப்புறம்தான் எழுதுவார். கோவா விடுதலைக்கு ‘வளைக்கரம்’, சம்பல் கொள்ளையருக்கு ‘முள்ளும் மலர்ந்தது’, தஞ்சை வயலுக்கு ‘சேற்றில் மனிதர்கள்’, சிவகாசி தீப்பெட்டிக் குழந்தைகளுக்குக் ‘கூட்டுக் குஞ்சுகள்’. ஒரு குடும்பப் பெண் அந்தக் காலத்தில் இத்தனை ஊருக்கும் கிளம்பிப் போனதே பெரிய காரியம்.

11 அக்டோபர், சனி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேருக்கு உப்பு எப்படி விளைகிறது என்று தெரியவில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அளம். அம்மாவே சொல்லட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

தை பிறந்ததும் முதலில் பாத்தி மிதிக்க வேண்டும். ஈரக் களிமண்ணை வரிசையாக நின்று காலாலேயே மிதித்து மிதித்து இறுக்குவது. தரை கெட்டிப்பட்டால்தான் உப்பில் சேறு ஏறாது. அப்புறம் தண்ணீர் கட்டுவது. கடல் தண்ணீர் மூன்று டிகிரி அடர்த்தியில் இருக்கும், வெயிலில் வற்றி இருபத்து நாலு, இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால் உப்பு இறங்கும். முப்பதை எட்டவிட்டால் கசப்பு கலந்துவிடும், அந்த நஞ்சுத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அம்மாவுக்கு டிகிரிக் கணக்கு தெரியாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லுவாள். விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டிக் குவிக்க வேண்டும்.

“கண்ணு?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“வெள்ளைக் காட்டுல காலம்பூரா நின்னா கண்ணு என்னத்துக்காவும்?” என்றாள் அம்மா. கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று சொன்னபோது கூட்டத்தில் ஒருத்தியும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நாவலின் அந்தப் பக்கங்களை வாசித்தேன். கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி இறங்கியது. பெண்ணுக்குக் குறைந்த கூலி, கங்காணியின் கை எங்கெல்லாம் நீளும் என்பது, குடிக்கத் தண்ணீர் இல்லாத வெயில், எதையும் அவர் பூசி மெழுகவில்லை. 1930-இல் உப்புக்காகத் தேசமே எழுந்தது. வேதாரண்யத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்த உப்பை விளைவிக்கிறவள் சுதந்திரம் வந்து முப்பது வருஷம் கழித்தும் என்ன பாடு படுகிறாள் என்று ஒரு நாவல் கேட்டது. அதுவும் காந்தியை நெஞ்சில் வைத்திருந்த ஒருவர் கேட்டது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

18 அக்டோபர், சனி

தீபாவளி நெருக்கடியிலும் கூட்டம் நடந்தது. கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிற தங்கை ஒருத்தி வந்திருந்தாள். விமர்சகர்கள் பலர் ராஜம் கிருஷ்ணனின் நாவல்களைக் களஆய்வு அறிக்கை என்றும், கலை குறைவு என்றும் சொல்வதை எடுத்துவைத்தாள். பாத்திரங்கள் சில இடத்தில் ஆசிரியர் குரலில் பேசிவிடுகிறார்கள் என்றாள். அது உண்மைதான். முடிவை நோக்கிப் போகப் போக நம்பிக்கையூட்ட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். ‘அறிக்கை’ என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் எந்த அறிக்கையில் இதைப் படித்தார்கள்? அளத்துப் பெண் விடிவதற்கு முன் எழுந்து சோறு பொங்கி, குடத்துத் தண்ணீருக்கு வரிசையில் நின்று, பிள்ளையை ஒருத்தியிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவதை அரசாங்கத்துக் கணக்கு எழுதவில்லை. உப்பு இத்தனை டன் என்றுதான் எழுதும். வீட்டு வேலையும் அளத்து வேலையும் ஒரே உடம்பின் மேல் விழுவதை அவர் சேர்த்துப் பார்த்தார். அதைப் பார்க்கிற கண்தான் நாவலாசிரியரின் கண்.

இன்னொன்றையும் சொன்னேன். திருநெல்வேலிச் சீமைக்கு எழுத்தாளர் பஞ்சம் கிடையாது. ரகுநாதன், சமுத்திரம், கி.ரா., பூமணி, வண்ணதாசன், சோ. தர்மன் என்று பழைய ஜில்லாவில் அகாடமி விருது வாங்கிய ஆண்களே எத்தனை பேர். எல்லோர் மேலும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் உப்பளத்துப் பெண்ணை ஒரு முழு நாவலின் நடுவில் நிறுத்த முசிறியில் பிறந்த ஒரு பெண் வரவேண்டியிருந்தது. தமிழுக்காக அகாடமி விருது வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான், 1973-இல். அடுத்த பெண் லட்சுமி வாங்கியது 1984. அதற்கப்புறம் திலகவதி, 2005. அதற்கப்புறம் அம்பை, 2021. இந்த இடைவெளிகளைப் பார்த்தால் முதலில் போனவர் எந்தக் கதவைத் தள்ளினார் என்று தெரியும்.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

காலையில் மழை. அம்மா சுசியம் சுட்டாள்.

2014-இல் இதே தேதியில்தான் ராஜம் கிருஷ்ணன் சென்னையில் காலமானார். கணவர் போனபின் பிள்ளைகளும் இல்லாமல், நம்பியவர்களிடம் கைப்பொருளை இழந்து, முதியோர் இல்லத்தில் இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலே வீடாகிப் போனது. பெண்ணின் உழைப்புக்கும் சொத்துக்கும் கணக்குக் கேட்டே எழுதியவருக்கு இப்படி நேர்ந்ததை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை. பண்டிகை நாளில் இதை எழுத வேண்டுமா என்று தோன்றியது. எழுதத்தான் வேண்டும்.

2009-இல் அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. பெரும்பாலும் எழுத்தாளர் இறந்தபின் செய்வதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்தார்கள். அதனால்தான் இன்று நான் போனிலேயே மின்னூலாக வைத்து அம்மாவுக்கு வாசிக்க முடிகிறது. வட்டத்துக்கு வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்க முடியாத வீட்டுக்குள் அவர் நுழைந்துவிட்டார்.

27 அக்டோபர், திங்கள்

சூரசம்ஹாரம். திருச்செந்தூர் பஸ்ஸெல்லாம் பிதுங்குகிறது. அம்மா சஷ்டி விரதம். விரதத்தோடேயே கடைசி அத்தியாயங்களைக் கேட்டு முடித்தாள்.

தொழிலாளிகள் ஒன்று சேர்ந்து நிற்கிற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் காலத்தில் சங்கம் வந்த கதை, கூலி ஏறிய கதை, ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஏன் என்று யாரோ ஒரு அக்கா முதலாளி முன்னால் கேட்டது எல்லாம் கோர்வையாக வந்தது. இதுவரை என்னிடம் சொல்லாதவை. ஏம்மா சொல்லவில்லை என்றேன். “நீ கேக்கலியே” என்றாள்.

மழைக்காலத்தில் அளம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் வட்டிக் கடைதான். இப்போது அந்த மாதங்களுக்கென்று அரசு ஒவ்வொரு உப்பளத் தொழிலாளி குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. “நாங்க இருந்தப்பம் அதெல்லாம் எங்க?” என்றாள். ஒரு நாவலால் நிவாரணம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வந்தது அது. ஆனால் கேட்க வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது என்று உப்பளத்தைப் பார்த்தே இராத ஆயிரம் பேருக்கு அந்த நாவல் சொல்லிக்கொண்டே இருந்தது. படித்தவர்களின் மனச்சாட்சியில் அவர் செய்த வேலை அது.

1 நவம்பர், சனி

இன்று ‘பாதையில் பதிந்த அடிகள்’ பற்றிப் பேச்சு. மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. பிராமணக் குடும்பத்து விதவை. விதவைக் கோலத்தை உதறி, முடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்று, கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியவர். முதலில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. 1953-இல் மான் முட்டி இறந்தார். ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும் உயிரோடு இருந்தவரை, பல பத்தாண்டுகள் கழித்து ராஜம் கிருஷ்ணன் கிராமம் கிராமமாகப் போய் விசாரித்து, சேகரித்து, புத்தகமாக்கினார். அவர் போகாமல் இருந்திருந்தால் மணியம்மையை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் அவர் வாங்கிய விருதுகளையெல்லாம்விட இந்த ஒரு மீட்பு பெரியது.

அப்போதுதான் மேலப்பாளையத்திலிருந்து வருகிற மைனி பேசினார். வந்த நாள் முதல் வாய் திறக்காதவர். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறார்.

“உப்புக்கு எழுதிட்டாங்க, தீப்பெட்டிக்கு எழுதிட்டாங்க, வயலுக்கு எழுதிட்டாங்க. பீடிக்கு அந்தம்மா வரலியே.”

டீச்சர் அக்கா, “அவங்க இல்லன்னா என்ன மைனி, நீங்க சொல்லுங்க, நாங்க எழுதுறோம்” என்றார்.

“நானே எழுதுதேன். எட்டாப்பு வரை படிச்சிருக்கேன்லா” என்றார் மைனி.

5 நவம்பர், புதன்

நூறாவது பிறந்தநாள். மேடை, மாலை எதுவும் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்துக் கூடினோம். அம்மா எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டாள்.

மைனி கோடு போட்ட நோட்டில் எழுதி வந்திருந்தார். ராத்திரி இலையை நனைத்து வைப்பதில் தொடங்கி, காலையில் வெட்டுவது, தூள் வைத்துச் சுற்றுவது, முனை மடித்துக் கட்டுப் போடுவது வரை. நடுவில் பிள்ளைக்குத் தலை பின்னுவது, மாமியாருக்கு மருந்து கொடுப்பது, அடுப்பில் பால் பொங்குவது எல்லாம் வருகிறது. எதையும் தனியாகப் பிரிக்கவில்லை. ‘கரிப்பு மணிக’ளில் நான் எதைக் காட்டிக் காட்டிப் பேசினேனோ அதை அவர் தானாகவே செய்திருந்தார்.

வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: “கொண்டுபோய்க் குடுக்கும்போது நல்லால்லன்னு கழிச்சுப் போடுவாம்லா, அந்தக் கட்டு என்னாவும்?”

“அதுக்குக் கூலி கிடையாதும்மா. எல, தூளுக்கும் நம்மகிட்டதான் பிடிப்பான்.”

“அப்பம் அத ஏன் எழுதல?”

மைனி பேனாவைக் கேட்டு வாங்கினார். எத்தனை கட்டு கழிவு, அதற்கு என்ன பிடித்தம் என்று போன வாரத்துக் கணக்கை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். டீச்சர் அக்கா கூட்டிப் பார்த்துச் சரி சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவர் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருகிறாராம். அவர்களுக்கு எழுத வராது, கேட்டு எழுத ஆள் வேண்டும். நானும் கல்லூரித் தங்கையும் போய் எழுதுவதாக ஒப்புக்கொண்டோம்.