இட்டேறியில் ஒரு தூக்குப்போசி

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையோரத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டின் வரப்பில் நான், என் மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகிய நால்வரும் கையில் கைபேசியை ஏந்தியபடி முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தோம். மொபெட்டில் வந்த காட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டவருக்கு அளக்கறீங்களா, குழாய்க்கு அளக்கறீங்களா?" என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. உயர்மின் கோபுரத்துக்கும் எரிவாயுக் குழாய்க்கும் எதிராக ஆண்டுக்கணக்கில் போராடிய விவசாயிகள் வாழும் பகுதியில், முன்பின் தெரியாதவர்கள் கருவியோடு வரப்பில் நடப்பதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லீங்க, குழந்தைகளோட ஒரு இடத்தைத் தேடி வந்தமுங்க" என்றேன். என்ன இடம் என்றார். பழங்கால ஈமக்குழியைச் சுற்றிக் கற்களை வட்டமாக வைத்த கொடுமணல் கல்வட்டம் என்றேன். அவர் முகம் மாறியது. "அதுக்கு எதுக்குங்க எங்க காட்டுக்குள்ள வந்தீங்க? அது அங்கயல்லங்க" என்று வடக்கே கையை நீட்டினார்.

பிழை என்னுடையது. மகளின் குறிப்பேட்டில் அட்சரேகையின் தசமப் புள்ளிக்குப் பிந்தைய மூன்றாம் இலக்கம் 8. கோழிக்கிறுக்கலாக எழுதியிருந்த அதை நான் 3 என்று படித்துக் கைபேசியில் பதிந்துவிட்டேன். அந்த இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தரையில் ஏறத்தாழ 110 மீட்டர் நகரும். ஐந்து குறைந்ததால் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலாகத் தெற்கே வந்து நின்றிருந்தோம். நான்காம் இலக்கமாக இருந்திருந்தால் தவறு ஒன்றுக்கு 11 மீட்டர் என்ற கணக்கில் போயிருக்கும், ஐந்தாம் இலக்கமென்றால் ஒரு மீட்டர்தான் என்று மகள் அந்த வரப்பிலேயே நின்று தம்பிக்கு விளக்கினாள். ஒரு கணக்கு ஆசிரியர் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாலும் இடமதிப்பு என்பது இவ்வளவு தெளிவாக மண்டையில் ஏறியிருக்காது என்று எண்ணுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனியில் இருக்கும் என் மச்சான். ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிடுவார்; மற்றவர்கள் செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் நாளும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதோ மேலானதோ ஒன்றை வைக்க வேண்டும். தேடுவது எவ்வளவு கடினம், நிலம் எவ்வளவு கரடு என்று இரண்டுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. பொதுமக்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள் குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2 அன்று நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறக்கூடியதாக இருந்த கருவிகள் ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்து இடத்தை இணையத்தில் அறிவித்தார். அதுதான் முதல் பெட்டி.

மச்சான் விடுமுறைக்கு வந்தபோது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு தேடிப் பார்த்தால் எங்கள் பக்கம் தேடுவதற்குப் பெட்டிகளே அரிது. நாமே வைக்கலாமே என்று மகன் கேட்டான். ஈரோட்டில் ஒரு பூங்காவில், ஒரு பேருந்து நிலையத்தின் சுவரிடுக்கில் என்று அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்த காலத்தில் நான் அங்கே மாணவன். அதன்பின் பல மாதங்கள் ஒரு பை கேட்பாரற்றுக் கிடந்தால் தெருவே விலகி நின்றதைப் பார்த்தவன். பொது இடத்தில் பெட்டியை மறைத்துவைத்துவிட்டு, அது விளையாட்டுப் பொருள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மேலைநாட்டு விதிகளிலும் நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்றுதான் இருக்கிறது. நம் ஊரில் அனுமதி மட்டும் போதாது, அக்கம்பக்கத்தாரின் அறிமுகமும் வேண்டும். ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்: பெட்டி வைப்பதானால் சொந்தபந்தங்களின் தோட்டத்தில் மட்டும், மற்ற இடங்களில் பெட்டி இல்லை, கேள்வி மட்டும். அந்த இடத்துக்கு நேரில் போனாலன்றிப் பதில் தெரியாத கேள்வியாக அது இருக்க வேண்டும்.

கொடுமணலுக்குப் போனது அப்படி ஒரு கேள்விக்காகத்தான். ஏதேனும் ஒரு கல்வட்டத்தைத் தேர்ந்து, அதில் எத்தனை கற்கள், உள்ளே நின்றால் எந்தத் திசையில் நொய்யல் என்று எழுதிவர வேண்டும். காட்டுக்காரர் காட்டிய வழியில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் பெரில், சூதுபவளம், படிகம் ஆகிய கற்களில் செய்த மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் காரிலேயே படித்துக் காட்டியிருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் தரையில் கிடந்த கறுப்புச் சிவப்பு ஓடு ஒன்றை மகன் எடுத்துத் துடைத்துப் பார்த்தான். பார்த்தவன் பேசாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான் வைக்கச் சொன்னேன். அவனோ மாமா சொன்ன விதியை எனக்கே திருப்பிச் சொன்னான்: ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கலாம் அல்லவா, நான் ஒரு கோலிக்குண்டு வைக்கிறேன் என்றான். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். அந்த ஓடு கிடந்த இடமும் ஆழமும்தான் அதன் செய்தி, கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்தால் அது வெறும் ஓடு, தொல்லியல் இடத்திலிருந்து எதையும் எடுத்துப்போவது சட்டப்படியும் குற்றம் என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவனே ஒரு வழி கண்டான். ஓட்டைக் கையில் எடுத்த இடத்தின் எண்களைக் கைபேசியில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அங்கேயே வைத்தான். குறிப்பேட்டின் அந்தப் பக்கம் இப்போதும் அவனுடையதுதான், அக்காள்கூடத் தொடக்கூடாது.

திரும்பும் வழியில் சிவன்மலைக்குப் போனோம். காங்கயத்துக்கு அருகில் இருக்கும் இந்த மலைக்கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து தெரிவித்ததும் சன்னதியில் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும், காலக்கெடு கிடையாது. மண்ணும் தண்ணீரும் அரிசியும் மஞ்சளும் அதில் இருந்திருக்கின்றன. எந்தப் பொருள் வந்தாலும் அது எதற்கு அறிகுறி என்று காங்கயம் தேநீர்க்கடைகளில் ஒரு வாரம் பேச்சு ஓடும். ஒருவர் வைத்ததை அடுத்தவர் வந்து மாற்றும்வரை காத்திருக்கும் பெட்டி என்றதும் மகள், "அப்போ இதுதாங்கப்பா முதல் பெட்டி, அந்த அமெரிக்காக்காரர் வாளி அப்புறம்தான்" என்றாள். வழிபாட்டையும் விளையாட்டையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது என்று என் பாட்டி இருந்திருந்தால் அதட்டியிருப்பார். நான் அதட்டவில்லை.

எல்லாப் பயணமும் இப்படி அமைந்துவிடவில்லை. சென்னிமலையில் படிகளை எண்ணி, அந்த எண்ணிலிருந்து அடுத்த இடத்தைக் கணக்கிடும் புதிர் ஒன்றை மகள் அமைத்திருந்தாள். படிகள் 1320 என்பார்கள். மகன் எண்ணியது 1298, மனைவி எண்ணியது 1341, நான் இடும்பன் சன்னதிக்கு முன்பே கணக்கை விட்டுவிட்டேன். அடுத்த இடம் எதுவென்று இன்றுவரை தெரியாது. அரச்சலூர் நாகமலைக் குகையில் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டு மட்டும் புதிருக்காகவே பிறந்தது போன்றது. வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் அமைந்த த, தை, தா, தே என்னும் அந்த எழுத்துக்களை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் எப்படிப் படித்தாலும் ஒன்றே வரும். அதைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் நோட்டம் பார்ப்பவன். கொடுமணலில் மணிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி வைத்த கதைக்கு வருகிறேன். இடம் காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் அப்பாவின் கொறங்காடு. கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களுமாக மாடு மேய்ப்பதற்கென்றே விட்ட நிலம். மேற்குப் பக்கம் இட்டேறி. இரு பக்க வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் அந்தத் தடத்தைப் போலக் குளுமையான இடம் எங்கள் ஊரில் வேறில்லை. குழந்தைகள் அப்பாருவிடம் எண்களைச் சொல்லி, இதுதான் உங்கள் காட்டின் முகவரி என்றபோது, அவர் பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பித்தார்: இட்டேறிக்குக் கிழக்கு, இன்னாருடைய காட்டுக்கு மேற்கு, பள்ளத்துக்கு வடக்கு, பெரியவர் தோட்டத்துக்குத் தெற்கு. "உங்க நெம்பரு ஒரு புள்ளியைத்தான சொல்லுது, சாமி? நாலெல்லை சொன்னாத்தான் நெலம்" என்றார். இதற்கு மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் வைத்தது நெகிழிச் சோற்றுப் பெட்டி. உள்ளே தின்பண்டம் கூடாது என்று மாமா சொல்லியிருந்தும் மகன் யாருக்கும் தெரியாமல் இரண்டு எள்ளுருண்டைகளை வைத்திருக்கிறான். அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது எறும்புப் புற்றுக்கு நடுவில் ஒரு மூடி கிடந்தது. மூலையில் ஏதோ ஒன்று பல்லால் கடித்துத் திறந்திருந்தது. அதன்பின் அம்மாவிடம் கேட்டு கைப்பிடியும் மூடியும் உள்ள ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தை, எங்கள் பேச்சில் தூக்குப்போசியை, வாங்கினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, வெயிலில் பேனா உலர்ந்துபோவதால் பென்சில் ஒன்று, சோழி, கோலிக்குண்டு, பழைய காசுகள், ஒரு ரயில் சீட்டு ஆகியவை அதற்குள் இருக்கின்றன. வேலியோரக் கற்குவியலின் பொந்தில் வைத்திருக்கிறோம். குச்சியால் இரண்டுமுறை தட்டாமல் யாரும் கையை உள்ளே விடக்கூடாது. சுருட்டை விரியனுக்கு அந்தக் கற்கள் மிகவும் பிடிக்கும் என்று அப்பா எச்சரித்திருக்கிறார். நிலத்தின் கரட்டுக்கு மதிப்பெண் இடுவதற்கு என் அம்மாவின் முழங்காலையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்: அவர் யார் துணையுமின்றி நடந்து வரக்கூடிய இடமென்றால் ஒன்று. இட்டேறிப் பெட்டிக்கு ஒன்றரை.

கிளம்ப நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கைபேசி இடத்தைக் காட்டுவதற்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. அதை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் போதும். திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் காட்டும் கருவி அடர்ந்த புளியமரத்தடியிலும் பாறைச் சரிவிலும் தடுமாறும், ஆகவே கடைசிப் பத்தடியைக் கண்ணால்தான் தேட வேண்டும். சித்திரை, வைகாசி வேண்டாம். அரிசியும் பருப்பும் சோறாக்கிக் கட்டிக்கொண்டு விடியலில் கிளம்பினால் நண்பகலுக்குள் இரண்டு இடங்கள் பார்க்கலாம். மூன்றாவது இடத்தைச் சேர்த்த நாளெல்லாம் வீட்டுக்குள் சண்டையோடுதான் திரும்பியிருக்கிறோம். வரப்பில் இறங்குமுன் காட்டுக்காரரைத் தேடிப்பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சென்ற மாதம் காட்டுக்குப் போனபோது தூக்குப்போசியின் நோட்டில் மச்சானின் பிள்ளைகளும் எங்கள் பெரியப்பா வீட்டாரும் எழுதியிருந்த பக்கங்களுக்குப் பின்னால், எங்களில் யாருடையதும் அல்லாத ஒரு கையெழுத்து இருந்தது. பெயர் இல்லை, நாள் மட்டும் இருந்தது. "ஆடு மேய்க்க வந்தேன். போசி பார்த்தேன். மூடி சரியாக மூடவில்லை, மழைத்தண்ணி போகும். மூடி வைத்தேன். எதுவும் எடுக்கவில்லைங்க." மகள் அதற்குக் கீழே பென்சிலால் "நன்றிங்க, ஒரு கோலிக்குண்டு எடுத்துக்கோங்க" என்று எழுதி, மூடியை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் வைத்தாள்.