எங்க நாய் கருப்பனுக்கு ஹார்ட்வார்ம் (கொசு கடிச்சு இதயத்துல வளர்ற புழு) வந்து நாங்க பட்ட பாடு

கோத்தகிரி குளிருக்கு கொசுவே அபூர்வம், இங்க எப்படி கொசு கடிச்சு வர்ற நோய் வரும்னு தான் நானும் நெனச்சேன். வீடு கட்டுறப்போ கருப்பன எட்டு மாசம் மேட்டுப்பாளையத்துல அம்மா வீட்டுல விட்டிருந்தது ஞாபகத்துக்கே வரல. கொசு கடிச்சதுக்கப்புறம் புழு வளந்து டெஸ்ட்ல தெரியவே ஆறேழு மாசம் ஆகுமாம். அதனால இங்க வந்தப்போ நல்லா தான் இருந்தான், மழை முடிஞ்சப்புறம் தான் வறட்டு இருமல், தோட்டத்துப் படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்துடுவான்.

பக்கத்து வீட்டு அண்ணன் மாடு வெச்சிருக்கார். "இதுக்கெல்லாம் எதுக்கு பாப்பா டாக்டரு, மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் மிச்சம் இருக்கு, ஒரு எம்எல் போட்டா எல்லாப் புழுவும் செத்துரும்"னார். நானும் வாங்கி வெச்சிட்டேன்ங்க, பொய் சொல்லல. டாக்டர்கிட்ட வாய் தவறி உளறினேன், செம திட்டு. நாய்க்கு வராம தடுக்கக் குடுக்கிற அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் தான், 20 கிலோ கருப்பனுக்கு 120. அந்த மாட்டு ஊசில ஒரு எம்எல்லுக்கே 10 மில்லிகிராம் இருக்கு, கணக்குப் போட்டா 80 மடங்குக்கு மேல! போதாக்குறைக்கு ரத்தத்துல இருக்கிற குட்டிப் புழு மொத்தமா ஒரே நேரத்துல செத்தா நாய் ஷாக்ல போயிடலாமாம். "டெஸ்ட் பண்ணாம தடுப்பு மாத்திரை கூட ஆரம்பிக்கக் கூடாதும்மா"ன்னார்.

ஒரு சொட்டு ரத்தத்த மைக்ராஸ்கோப்ல காட்டினார், குட்டிப் புழு நெளியுது. அப்புறமும் ஆன்டிஜன் டெஸ்ட் (பெரிய ஹார்ட்வார்ம் ரத்தத்துல விடுற பொருளத் தேடுற டெஸ்ட்) வேணும்னதும் எனக்கு எரிச்சல், அதான் கண்ணுக்கே தெரியுதே. தோலுக்கடியில வாழுற இன்னொரு வகைப் புழுவோட குட்டியும் இப்படியே தான் தெரியும், கேரளா பக்கம் அது நெறைய, ரெண்டுக்கும் வைத்தியம் வேறன்னு விளக்கினார். சரின்னுட்டேன்.

அடுத்த கூத்து கோயமுத்தூர் லேப். டாக்டர் லீவு, வேற ஒரு க்ளினிக்ல ரத்தம் எடுத்துக் குடுத்தாங்க, நானும் ஐஸ் வெச்சு பஸ்ல தூக்கிட்டுப் போறேன், அங்க இருந்த பையன் "அக்கா, இது சிகப்பு மூடி, ரத்தம் உறைஞ்சு போச்சு, ரத்த அணு பாக்க ஊதா மூடி டியூப் வேணும், ஆன்டிஜன் கிட்டும் இன்னிக்கு ஸ்டாக் இல்ல"ங்கறான். போன் பண்ணிக் கேட்டுட்டுத் தான கெளம்பினேன்! ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, எல்லாம் போச்சு. நீங்க போனா மூடி கலர பாத்துட்டுப் போங்க, கிட் இருக்கான்னு கெளம்புற அன்னிக்குக் காலைல திரும்பக் கேளுங்க. ரெண்டாவது தடவ கார் வெச்சு கருப்பனையே கூட்டிட்டுப் போனேன், வழியில குஞ்சப்பனைங்கற ஊர் தாண்டுறதுக்குள்ள சீட்டு முழுக்க வாந்தி. ரிசல்ட் பாசிட்டிவ்.

பெரிய புழுவக் கொல்ல மெலார்சோமின் ஊசி தான் சரியான வைத்தியமாம், விசாரிச்ச ஒரு இடத்துலயும் கிடைக்கல. அதனால டாக்சிசைக்ளின் நாலு வாரம், புழுவுக்குள்ள இருக்கிற பாக்டீரியாவ அது அழிச்சா புழு நோஞ்சானாயிடும், கூடவே மாசா மாசம் கழுத்துல விடுற மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்து. முதல் சொட்டு விட்ட அன்னிக்கு அரை நாள் அங்கயே உக்கார வெச்சு கண்காணிச்சார். முழுசா போக ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகுமாம். டாக்சிசைக்ளின வெறும் வயித்துல குடுத்துராதீங்க, மோர் சாதத்துலயும் வேணாம், பால் அயிட்டம் மருந்து ஏறுறதக் கெடுக்குமாம். கோழி வேகவெச்ச சாதத்துல உருட்டிக் குடுத்தேன்.

மருந்தெல்லாம் கூட பரவால்ல, ஓட விடக் கூடாதுங்கறது தான் கொடுமை. சாவுற புழு துண்டு துண்டா நுரையீரல் ரத்தக்குழாய்ல போய் அடைக்கும், ஓடினா ஆபத்து. எங்க வீட்டுப் பின்னாடியோ தெனமும் சாயங்காலம் காட்டெருமை மேய வரும், குரங்கு வேற. ரெண்டு தடவ சங்கிலிய அறுத்துட்டான்.

இப்ப அஞ்சாவது மாசம். நேத்து ஜன்னல்ல காலத் தூக்கி வெச்சுக்கிட்டு காட்டெருமையப் பாத்து கால் மணி நேரம் குரைச்சான், ஒரு இருமல் இல்ல. அண்ணனோட ஊசிய அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டேன், இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறார்.